கமாலியேல் ஐயர் கை ஓங்கியது பற்றி

ஏப்ரல் 3, திங்கள்

என் பெயர் ஞா. எலியேசர் வேதக்கண். வயது ஐம்பது. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் முதுகலை ஆசிரியர். இரட்சணியபுரம் சேகரக் கமிட்டியின், அதாவது சபை நிர்வாகக் குழுவின், செயலாளராக இது பதினோராவது ஆண்டு. நேற்று, குருத்தோலை ஞாயிறன்று, எங்கள் சேகரகுரு அருள்திரு கமாலியேல், சபையாரில் ஒருவரான தெற்குத் தெரு திரு. சாமுவேல்கனியைப் பவனிச் சிலுவையால் தலையில் அடித்தாரா இல்லையா என்பதை விசாரித்து, பதினைந்தாம் தேதி கூடும் கமிட்டியில் அறிக்கை வைக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அறிக்கையில் இடம்பெறாத, ஆனால் பின்னர் கேட்கப்படக்கூடிய விவரங்கள் தவறிப்போகாதிருக்கவே இக்குறிப்பேடு.

முதலில் பின்னணி. எங்கள் ஊரில் குருவானவரை ஐயர் என்றே அழைப்போம். ஊருக்குத் தெற்குத் தெரு, வடக்குத் தெரு என இரண்டு தெருக்கள். குருத்தோலைப் பவனி எந்தத் தெருவுக்குள் முதலில் நுழைவது என்பதில் தகராறு வந்து, 1987இல் ஒருவர் குடல் சரிந்து இறந்த பின், ஓர் ஆண்டு தெற்கு, மறு ஆண்டு வடக்கு என்று தீர்மானம் எழுதப்பட்டது. சென்ற ஆண்டு தெற்கின் முறை. அன்று காலை பெய்த மழையால் பவனி தெருவுக்குப் போகவில்லை. ஆலயத்தை ஒருமுறை சுற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டோம். தங்கள் முறை இன்னும் பாக்கி இருக்கிறது என்பது தெற்குத் தெருவின் வாதம். தீர்மானத்தில் மழைக்கு விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. ஆகவே அவர்கள் முறை கழிந்தது, இவ்வாண்டு வடக்கே முதல் என்று நான் தீர்ப்பளித்தேன். நான் வடக்குத் தெருவில் குடியிருப்பதற்கும் இத்தீர்ப்புக்கும் தொடர்பில்லை.

பவனிக்கு முந்திய நாள் ஐயர் என்னிடம் வந்தார். "சார், ரெண்டு தெருவும் வேண்டாமே. போன வருஷம் மாதிரி கோயிலச் சுத்திட்டு முடிச்சிருவோம். இல்லேன்னா ரெண்டா பிரிஞ்சு ஒரே நேரத்துல போவோம்" என்றார். தீர்மானத்தில் அதற்கு இடமில்லை என்று விளக்கினேன்.

கிணற்றடி முக்கில் பவனி வடக்கே திரும்பியபோது கல் விழுந்தது. அதன்பின் குருத்தோலை மட்டைகள், சைக்கிள் சங்கிலி, கொடிக் கம்பு. மொத்தம் பதினாறு பேருக்குக் காயம். தீர்மானப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி முன்னால் நின்றிருந்த நான் நெரிசலில் கீழே விழுந்தேன். மூக்குக் கண்ணாடி உடைந்தது. இடப்பக்கம் இரண்டு விலா எலும்புகளில் விரிசல். எனவே நான் கண்ணால் கண்ட சாட்சி ஆகமாட்டேன். விசாரணை நடத்துபவரின் குடும்பத்தாரும் சாட்சியம் அளிக்கலாகாது. இவ்விரண்டையும் விதியாக வகுத்துக்கொண்டேன்.

விசாரிக்கப்படும் கேள்வி ஒன்றே: ஐயர் அடித்தாரா?

ஏப்ரல் 4, செவ்வாய்

காலையில் செய்முறைத் தேர்வு மதிப்பெண்களைச் சரிபார்த்தேன். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் மறுபடியும் பழுது. மருத்துவர் சொன்ன நெஞ்சுப் பட்டையை இறுக்கிக் கட்டினால் மூச்சு முட்டுகிறது. தளர்த்தினால் விலா குத்துகிறது.

மாலையில் சாமுவேல்கனியின் செங்கல் சூளைக்குச் சென்றேன். தலையில் பதினோரு தையல். முகத்தின் ஒரு பாதி கருநீலமாக வீங்கியிருந்தது. அவருடைய தம்பி ஜெபகனி நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தான்.

"எழுதிக்கிடும் சார்," என்றார் சாமுவேல்கனி. "வெள்ளை அங்கி போட்டிருக்காரு. கழுத்துல பட்டி. கையில சிலுவை. அந்தச் சிலுவையாலயே நடு மண்டையில போட்டாரு. அடிக்கதுக்கு ஊர்ல ஆளா இல்ல? ஐயர் அடிக்கலாமா?"

"நீங்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். தம்பியும் பார்த்தான். பிறகு இருவரும் சிரித்தார்கள்.

"என்ன செஞ்சுக்கிட்டிருந்தேன்னு உமக்குத் தெரியாதாக்கும்? சரி, நீரே எழுதிக்கிடும். கூட்டத்துல நின்னேன்."

'கூட்டத்தில் நின்றார்' என்று எழுதிக்கொண்டேன். என் கேள்வி விசாரணை வரம்புக்கு வெளியே சென்றுவிட்டது. இனி கவனமாக இருக்க வேண்டும்.

ஏப்ரல் 5, புதன்

உபதேசியார் மாசிலாமணியை விசாரித்தேன். குருவுக்கு உதவியாக இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணிசெய்பவர். சம்பவத்தன்று ஐயருக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் நின்றவர்.

"அடிச்சாரு சார். நான் பொய் சொல்லமாட்டேன். ஒரே அடி."

"அவ்வளவு போதும்."

"போதாது சார். அதுக்கு முன்னால சிலுவைய எங்கிட்ட குடுத்துட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, 'விட்டுருங்க, செத்துருவாரு, விட்டுருங்க'ன்னு நாலு தரம் கத்துனாரு. எவனும் விடல. கால எடுக்கல எவனும். அதுக்குப் பெறகுதான் எங்கிட்ட இருந்து சிலுவையப் பிடுங்குனாரு. யாருக்காவ பிடுங்குனாருன்னு..."

"உபதேசியாரே, கேள்வி அதுவன்று."

துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "காப்பி சாப்பிடுதியளா சார்?" என்றார். யார் செத்துவிடுவார் என்று ஐயர் சொன்னார் என்பதை நான் கேட்கவில்லை.

அதன்பின் இரு தெருக்களிலும் ஒன்பது பேர். ஒன்பது பேரும் அடித்ததை உறுதிசெய்தனர். ஆனால் எவரும் அத்தோடு நிறுத்தவில்லை. ஐயர் பிரசங்கம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது என்றார் ஒருவர். இருபது நிமிடம் இழுக்கிறார் என்றார் அடுத்த வீட்டுக்காரர். மத்தியானம் தூங்குகிறார். சிரிக்கமாட்டார். கலியாண வீட்டில் சத்தமாகச் சிரித்தார். அவர் மகன் கணக்கில் நாற்பத்திரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறான். இவர் எப்படிச் சபையை நடத்துவார்? தெற்குத் தெரு தங்கபுஷ்பம் அம்மாளின் குறை வேறு:

"எங்க எருமைக்கு ஜெபம் பண்ண வாரேன்னு சொல்லிட்டு வரல. கேட்டா, வடக்குத் தெருவுல ஒரு அடக்க ஆராதனையாம். செத்தவன் எங்க ஓடியா போயிருவான்? எருமை காத்துக்கிட்டா கிடக்கும்? அன்னைக்கே செத்துப்போச்சு."

"அன்று பவனியில் உங்கள் மகன் என்ன வைத்திருந்தான்?" என்று கேட்டுவிட்டேன்.

"அவன் சின்னப்பய சார், சங்கிலிதான் வச்சிருந்தான். அருவாளா வச்சிருந்தான்? நம்மளமாதி மனுசன் ரத்தம் சூடாச்சுன்னா நாலு அடிக்கத்தான் செய்வான். ஐயருக்கு ரத்தம் சூடாகலாமா?"

ஒன்பது வாக்குமூலங்களிலும் இந்த ஒரு வாக்கியம் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. மேய்ப்பன் அடிக்கிறவனாக இருக்கக்கூடாது என்பது வேதவிதி. ஆடுகளைப் பற்றி அங்கே ஒன்றும் சொல்லப்படவில்லை. விதி எழுதப்பட்டிருக்கிறபடியே பின்பற்றப்பட வேண்டும்.

இரவுச் சாப்பாட்டின்போது என் மனைவி பியூலா, "என்னைய எப்ப விசாரிப்பிய?" என்றாள். குடும்பத்தார் விதியைச் சொன்னேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பெரிய வியாழன் மாலை ஆராதனையில் பன்னிரண்டு பேரை முன்வரிசையில் அமர்த்தி ஐயர் அவர்களின் கால்களைக் கழுவித் துடைப்பது எங்கள் சபை வழக்கம். இவ்வாண்டு முதல் இருக்கையில் சாமுவேல்கனியை அமர்த்த வேண்டும் என்று கமிட்டித் தலைவர் விரும்பினார். ஒப்புரவுக்கு நல்லது என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

ஐயருக்கு வலது மணிக்கட்டு பிசகி, கட்டுப் போட்டிருந்தது. இடது கையால் செம்பை எடுத்து, முழங்காலிட்டு, சாமுவேல்கனியின் வலது பாதத்தைத் தாம்பாளத்தின் மேல் பிடித்தார். தண்ணீர் ஊற்றினார். துண்டால் துடைக்கக் குனிந்தார். அப்போது சாமுவேல்கனி பாதத்தைச் சற்று உயர்த்தி, குதிகாலால் அவர் வாயில் மிதித்தார்.

சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. ஐயர் பின்புறமாகச் சாய்ந்து, பீடத்தின் படியில் தலை இடித்து எழுந்து உட்கார்ந்தார். முன்பல் ஒன்று தாம்பாளத் தண்ணீரில் கிடந்தது. தண்ணீர் சிவந்துகொண்டே வந்தது. பாடகர் குழு நடுவில் நிறுத்திய கீர்த்தனையை யாரும் மீண்டும் எடுக்கவில்லை. ஐயர் அங்கியின் கையால் வாயைத் துடைத்தார். சாமுவேல்கனியின் இடது பாதத்தை இழுத்து, அதையும் கழுவினார். பிறகு மற்றப் பதினொரு பேருக்கும் கழுவினார். இடையில் தண்ணீரை உபதேசியார் மாற்றினார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஆலய வாசலில் பேசிக்கொண்டவை:

"பொறுத்துக்கிட்டாரு பாத்தீரா."

"பொறுக்கணும்லா. அதுக்குத்தான சம்பளம்."

"பொறுத்தாரு சரி, மூஞ்சிய உம்முன்னு வச்சுக்கிட்டுல்லா பொறுத்தாரு. கொஞ்சம் சாந்தமா இருந்திருக்கலாம்."

கமிட்டித் தலைவர் என் தோளைத் தொட்டு, நல்ல முன்னேற்றம் என்றார்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மும்மணி நேர ஆராதனை. ஐயரின் உதடு வீங்கியிருந்ததால் பேச்சு தெளிவாக இல்லை என்று நான்கு பேர் என்னிடம் எழுத்துமூலம் புகார் தந்தனர். பெற்றுக்கொண்டதற்கு ரசீது அளித்தேன்.

ஏப்ரல் 8, சனி

காலை பத்தரைக்குச் சேகரகுரு இல்லம். ஓட்டுக் கட்டடத்தின் முன்னறையில் ஐயரை விசாரித்தேன். அவருக்கு முப்பத்தெட்டு வயது. அவருடைய மனைவி ஹெப்சிபா அம்மையார் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். ஐயரால் மெல்ல முடியவில்லை.

"நீங்கள் திரு. சாமுவேல்கனியை அடித்தீர்களா?"

"ஆமா."

"வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?"

"ஒங்க கேள்வில அதுக்கு எடம் இருக்கா சார்?"

"இல்லை."

"அப்ப ஆமான்னு மட்டும் எழுதிக்கிடுங்க." பிறகு, என் நெஞ்சுப் பட்டையைப் பார்த்து, "விலா எப்படி இருக்கு? தும்மும்போது தலகாணிய அணைச்சுக்கிடுங்க, வலி கொஞ்சம் தெரியாது" என்றார்.

கஞ்சிப் பாத்திரத்தை அம்மையார் மேசை மேல் வைத்த வேகத்தில் அது சிந்தியது. "நீங்க சொல்ல வேண்டாம்னா நான் சொல்லுதேன். சார், அன்னைக்கு..."

"ஹெப்சி. விடு. அவருக்குத் தெரியும்."

நான் குறிப்பெடுக்கவில்லை. ஹெப்சிபா அம்மையார் குடும்பத்தார் என்ற வகையில் அடங்குவார்.

ஐயரை இடமாற்றம் செய்யவேண்டும், பதவி இறக்கவேண்டும் என்று தெற்குத் தெரு கேட்கிறது. மகனின் பள்ளி, அம்மையாரின் வேலை, எல்லாம் இங்கே. எனவே மிதமான ஒரு வழியை நான் தயாரித்துச் சென்றிருந்தேன்: ஐயர் ஓர் உறுதிமொழியில் கையொப்பமிட வேண்டும், அது உயிர்த்தெழுந்த திருநாள் ஆராதனையில் வாசிக்கப்படும், அறிக்கையில் அதைக் குறிப்பிட்டு, தண்டனை வேண்டாம் என்று நான் பரிந்துரைப்பேன். வாசகம் இது: 'இன்று முதல் எந்தச் சூழ்நிலையிலும், எந்தக் காரணத்துக்காகவும், சபையார் எவர் முன்பும் நான் என் கையை உயர்த்தமாட்டேன்.'

ஐயர் அதை இரண்டு முறை படித்தார்.

"ஒரு சந்தேகம் சார். எவனாவது என் தலையில அடிச்சா, தடுக்கலாமா?"

சற்று யோசித்தேன். தடுப்பது எங்கே முடிந்து அடிப்பது எங்கே தொடங்குகிறது என்பதில் பின்னால் தகராறு எழும். விலக்குகள் விதியைப் பலவீனப்படுத்தும்.

"எந்தச் சூழ்நிலையிலும் என்பது எந்தச் சூழ்நிலையிலும்தான்," என்றேன்.

இடது கையால் கையொப்பமிட்டார். எழுத்துகள் கோணலாக இருந்தன. அதன் அருகே 'இடது கையால் இடப்பட்டது' என்று எழுதி நான் சாட்சிக் கையொப்பமிட்டேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு, உயிர்த்தெழுந்த திருநாள்

அதிகாலை ஆராதனையில் உறுதிமொழியை ஐயரே வாசித்தார். தெற்குத் தெருப் பக்கத்தில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஜெபகனி, "இன்னொரு வாட்டி வாசிக்கச் சொல்லும்" என்றான். இன்னொரு முறை வாசித்தார்.

நற்கருணையில் நாற்பத்தேழு பேர் பாத்திரத்தை அவர் கையிலிருந்து பெற மறுத்து எழுந்துபோனார்கள். ரத்தம் சிந்திய கை என்றார்கள். அந்த நாற்பத்தேழு பேரில் இருபது பேராவது கிணற்றடி முக்கில் கல் எறிந்தவர்கள்.

ஏப்ரல் 10, திங்கள்

மோட்டார் சரியானது. பொதுத்தேர்வு அறைக் கண்காணிப்பு. தும்மல் வந்தபோது தலையணை கைக்கெட்டவில்லை.

மாலையில் அறிக்கையின் முதல் படியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது பியூலா வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"வாசிங்க, கேக்கேன்."

வாசித்தேன்.

"நெரிசல்ல விழுந்தேன்னு எழுதியிருக்கிய."

"விழுந்தேன்."

"சாமுவேல்கனி ஒங்க கழுத்த எட்டிப் பிடிச்சுக் கீழ சாய்ச்சான். நான் முக்கு வீட்டுப் படியில ஏறி நின்னு பாத்தேன். ஒங்க மேல எத்தன காலு இருந்துச்சுன்னு நான் எண்ணுனேன். பதினாலு. ஏழு பேரு. ஒங்க வாயில நுரை வந்துச்சு. நான் கத்துதேன், எவனுக்கும் கேக்கல. சாமுவேல்கனி ஒங்க தலை மேல போடுததுக்குக் கிணத்துக் கல்லத் தூக்கிட்டான். தூக்குன கையோட நிக்கும்போதுதான் ஐயரு அடிச்சாரு."

"பியூலா, குடும்பத்தார் சாட்சியம்..."

"எனக்குத் தாலி மிஞ்சியிருக்கது அந்த அடியிலதான். அத எந்த வரியில எழுதியிருக்கிய, காட்டுங்க."

காரணம் விசாரணை வரம்பில் இல்லை என்றேன். காரணத்தை அனுமதித்தால் தீர்ப்பளித்தது யார், மழைக்கு விலக்கு மறுத்தது யார் என்றெல்லாம் போகும். அதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதியதையும் அடித்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

ஏப்ரல் 11, செவ்வாய்

குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை. பியூலா பேசவில்லை.

ஏப்ரல் 12, புதன்

இதை இரவில் எழுதுகிறேன்.

உறுதிமொழியின் இரண்டாம் படியில் ஐயரின் கையொப்பம் விடுபட்டிருந்தது. அதைப் பெற மாலை நான்கு மணிக்குச் சேகரகுரு இல்லம் சென்றேன். முற்றத்து வேம்பின் கீழ் நின்றபடியே ஐயர் கையொப்பமிட்டார். நான் மை உலரட்டும் என்று தாளை ஊதிக்கொண்டிருந்தபோது வாசல் கதவு திறந்தது. ஜெபகனியும் அவனோடு ஆறு பேரும். நால்வர் கையில் சூளையில் பயன்படுத்தும் சவுக்குக் கம்பு. எல்லாரையும் எனக்குத் தெரியும். மூவர் என்னிடம் படித்தவர்கள்.

"ஐயரே, ஸ்தோத்திரம்," என்றான் ஜெபகனி. "கை ஓங்கமாட்டீராம்லா. சபையில வாசிச்சீரு. நெசமான்னு பாத்துட்டுப் போவோம்னு வந்தோம்."

முதல் அடி தோளில் விழுந்தது. ஐயர் தன் இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்றால் பற்றிக்கொண்டார். இரண்டாவது அடி காதின் மேல். மூன்றாவது முழங்காலில், விழுந்தார். விழுந்த பிறகும் கைகளை முன்னால் கொண்டுவரவில்லை. முகம் தரையில் நேராக மோதியது. எலும்பில் கம்பு படும் ஓசையும் தசையில் படும் ஓசையும் வேறு வேறு. இரண்டையும் எண்ணிக்கொண்டிருந்தேன், முப்பதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது.

ஹெப்சிபா அம்மையார் உள்ளிருந்து ஓடிவந்தார். "கையத் தூக்குங்க! தலையவாவது மறைங்க! ஏங்க, கையத் தூக்குங்க!" என்று கத்தினார். ஒருவன் அவர் முடியைப் பிடித்துச் சுவரில் தள்ளினான். ஐயர் தூக்கவில்லை. கடைசி அடி பின்மண்டையில், ஜெபகனியுடையது. அதன்பின்தான் பின்னால் பற்றியிருந்த விரல்கள் தாமாக விட்டுப்போயின.

"சொன்னபடி நின்னுட்டாருல்லா," என்றான் ஒருவன். குரலில் ஏமாற்றம் இருந்தது. போனார்கள்.

நான் என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். வேம்பிலிருந்து நான்கு அடி தூரத்தில் நின்றேன். 'இது முறையல்ல' என்று இரண்டு முறை சொன்னேன். தாள் கசங்காதபடி நெஞ்சோடு பிடித்திருந்தேன். எனக்கு எந்த உறுதிமொழியும் இல்லை. என் கைகள் கட்டப்படவில்லை.

ஏப்ரல் 13, வியாழன்

ஐயருக்கு மண்டையோட்டில் விரிசல், மூளையில் ரத்தக்கட்டு. அறுவைச் சிகிச்சை நடந்தது. கண் விழிக்கவில்லை.

ஏப்ரல் 14, வெள்ளி

நகரத்து மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இரு தெருக்களும் நின்றிருந்தன. சண்டையில்லாமல் அவர்கள் ஒன்றாக நின்றதை இப்போதுதான் பார்க்கிறேன். சாமுவேல்கனி ஆரஞ்சுப் பழக் கூடையோடு வந்திருந்தார். தங்கபுஷ்பம் அம்மாள் அழுதுகொண்டிருந்தார்.

"இவருதாம்யா நெசமான ஐயரு. ஒரு கையத் தூக்கலியாமே. இந்தக் காலத்துல எவன் இப்படி இருப்பான்?"

கமிட்டித் தலைவர் என்னை ஓரமாக அழைத்தார். ஐயர் வீட்டு மாடிப்படியில் விழுந்ததாக மருத்துவமனையில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். போலீசுக்குத் தகவல் போகாமலிருக்க, உடனிருந்த சாட்சியாக என் கையொப்பம் வேண்டும்.

"சேகரகுரு இல்லத்தில் மாடி கிடையாது," என்றேன்.

"என்னவே, இப்பப் போயி... சரி, கோயில் மணிக்கூண்டுப் படின்னு போடும். ஐயரே மன்னிச்சிட்ட பிறகு நமக்கு எதுக்குக் கேஸு?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஹெப்சிபா அம்மையார் தலையை நிமிர்த்தினார். நெற்றியில் தையல் போட்டிருந்தது.

"அவரு இன்னும் கண்ணே முழிக்கல. எப்ப மன்னிச்சாரு?"

சாமுவேல்கனி கூடையை அவர் காலடியில் வைத்தார். "ஐயரம்மா, அவரு மனசு எங்களுக்குத் தெரியாதா? அவரு மன்னிக்காம இருப்பாரா? நீங்களும் மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதிய."

அம்மையார் கூடையைக் காலால் தள்ளினார். பழங்கள் தாழ்வாரம் முழுவதும் உருண்டன.

"பாத்தீரா," என்றார் சாமுவேல்கனி என்னிடம், மெதுவாக. "ஐயரம்மாவுக்கு இவ்வளவு கோவம் ஆகாது."

ஏப்ரல் 15, சனி

கமிட்டி கூடியது. என் அறிக்கை வாசிக்கப்படவில்லை; இனி தேவையில்லை என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. ஐயர் சபைக்குப் பெரிய சாட்சியாகிவிட்டார் என்று தலைவர் பேசினார். உறுதிமொழியைக் கண்ணாடிச் சட்டமிட்டு ஆலய அலுவலறையில் மாட்டவும், இனி வரும் ஒவ்வொரு சேகரகுருவும் பொறுப்பேற்கும் நாளில் அதே வாசகத்தில் கையொப்பமிடவும் இன்னொரு தீர்மானம். தயாரித்தவர் என்ற முறையில் எனக்கு நன்றி கூறினார்கள். கை தட்டினார்கள். மணிக்கூண்டுப் படி பற்றிய தாளை என் முன்னால் வைத்தார்கள்.

பேனாவைத் திறந்தேன். பிறகு, யோசித்துத் திங்கட்கிழமை தருகிறேன் என்றேன். பதினோரு ஆண்டுகளில் நான் எதையும் தள்ளிப்போட்டதில்லை. ஆகவே யாரும் சந்தேகப்படவில்லை. வாசலில் மட்டும் ஜெபகனி என்னோடு சேர்ந்து நடந்து வந்தான். "ஒங்க விலா ஆறிருச்சா சார்?" என்று கேட்டான். ஐயரும் இதே கேள்வியைத்தான் கேட்டார். இவன் கேட்டபோது நான் நடையை எட்டிப் போட்டேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு

ஆராதனைக்குச் செல்லவில்லை. என் வாழ்நாளில் முதல் முறை. ஐயர் இன்னும் கண் விழிக்கவில்லை என்று உபதேசியார் தொலைபேசியில் சொன்னார். "சார், ஒண்ணு கேக்கட்டுமா? தலைய மறைக்கலாம்னு மட்டும் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?" என்றார். எழுதியிருக்கலாம் என்றேன்.

மழைக்கு ஒரு வரி. தலைக்கு ஒரு வரி. இரண்டு முறையும் பேனா என் கையில்தான் இருந்தது.

ஏப்ரல் 17, திங்கள்

காலை எட்டு மணி. பியூலா குளித்து, வெளுத்த சேலை உடுத்தித் தயாராக இருக்கிறாள். தானும் வருவதாகச் சொல்கிறாள். கிணற்றடி முக்கு வழியாகத்தான் பேருந்து நிறுத்தத்துக்குப் போகவேண்டும். அங்கே சூளை ஆட்கள் நான்கு பேர் காலையிலிருந்து நிற்பதாகப் பால்காரர் சொன்னார். நிற்கட்டும்.

மணிக்கூண்டுப் படித் தாளைக் கையொப்பமிடாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். செயலாளர் பதவியிலிருந்து விலகும் கடிதத்தையும் உடன் வைத்தேன்.

இப்போது காவல் நிலையத்துக்குச் செல்வேன். ஏழு பெயர்களையும் தகப்பன் பெயரோடு சொல்வேன். நான்கு அடி தூரத்தில் கை கட்டப்படாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் என்று எட்டாவது பெயராக என்னுடையதைச் சொல்வேன். குருத்தோலை ஞாயிறன்று அருள்திரு கமாலியேல் அடித்தது உண்மை, அவர் அடித்த நேரத்தில் பதினான்கு கால்களுக்குக் கீழே கிடந்தவன் நான், அவர் அடித்திராவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன் என்று என் கைப்பட எழுதிக் கையொப்பமிடுவேன். பியூலாவின் சாட்சியத்தையும் பதிவு செய்யும்படி வற்புறுத்துவேன். அங்கிருந்து மருத்துவமனைக்குப் போய், வாக்குமூலத்தின் நகலை ஹெப்சிபா அம்மையார் கையில் கொடுப்பேன். அவர் போகச் சொன்னால் போவேன், சொல்லாவிட்டால் அந்தப் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருப்பேன்.

மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டேன். அந்த வீட்டிடம் இதுவரை எல்லாரும் எதிர்பார்த்தது போதும்.